மைக்கில் அண்டா, சைக்கிள் என்று கத்துவது வர்ணனையா?

செல்லூர்க்காரன்: மாட்டுப்பொங்கல் அன்று பாலமேடு ஜல்லிக்கட்டை டிவி நேரலையில் பார்த்தேன். தொகுப்பாளர் நன்றாக விளக்கிக்கொண்டிருந்தார். அவர் பேச்சை அமுக்கிக்கொண்டு வாடிவாசல் மைக்கில் ஒருவர் பரிசுகளை "ஒரு அண்டா, ஒரு சைக்கிள்" என்று கத்திக்கொண்டே இருந்தார். அது வர்ணனை இல்லை, ஏலம். நேரலையில் அந்தச் சத்தத்தை நிறுத்த வேண்டும்.

மஞ்சமலை மச்சான்: ஏலமா? எங்கள் பாலமேடு மஞ்சமலை ஆற்றுத் திடலில் ஒரு தடவையாவது வந்து நின்றிருக்கிறீர்களா? மாடு வெளியே வந்தால் சில விநாடிதான் ஆட்டம். அதற்குள் எந்த ஊர் மாடு, யார் மாடு, பிடித்தால் என்ன பரிசு எல்லாம் சொல்லியாக வேண்டும். "வாலைப் பிடிக்காதே, ஒருத்தன் மட்டும் பிடி" என்று அதட்டுவதும் அதே மைக்தான். உங்கள் தொகுப்பாளர் மூன்று பேர் தொங்கிய மாட்டை "அருமையாக அடக்கினார்கள்" என்றார். ரெண்டு பேர் பிடித்தாலே பரிசு கிடையாது என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

செல்லூர்க்காரன்: நான் கேட்டது அண்டாவை. அண்டா வாசிப்பது வர்ணனையா, இல்லையா?

மஞ்சமலை மச்சான்: அந்த அண்டாவைக் காதில் வாங்கித்தான் பையன் பாய்வதா ஒதுங்குவதா என்று முடிவெடுக்கிறான். பரிசு பெரிது என்றால் மாடு லேசுப்பட்டது இல்லை.

பழைய டிரான்சிஸ்டர்: தம்பி, வர்ணனை என்றால் வானொலியில் அப்துல் ஜப்பார் ஐயா கிரிக்கெட்டுக்குச் சொன்னது. கண்ணை மூடினாலும் பந்து தெரியும். டிவியில்தான் மாடு தெரிகிறதே, அப்புறம் எதற்கு இரண்டு குரல்?

மஞ்சமலை மச்சான்: ஐயா, அவரை நானும் மதிக்கிறேன். ஆனால் அவர் சொன்னது ஆடுகிறவன் காதில் விழாது. எங்கள் மைக் களத்தில் நிற்கிறவன் காதில் விழும். "மாடு திரும்புது, ஏறிக்கோ" என்ற ஒரு வார்த்தையில் உயிர் தப்பினவனை நான் பார்த்திருக்கிறேன்.

அலங்கை அண்ணாச்சி: மைக் பெருமை போதும். மாட்டைப் பிடித்தவன் 15 மீட்டர், இல்லை மூன்று துள்ளல் வரை பிடியை விடக்கூடாது என்று விதியில் இருக்கிறது. போன வருஷம் ஒரு ஊரில் எங்கள் மாடு ரெண்டாவது துள்ளலிலேயே ஆளை உதறிவிட்டது. மைக்கில் "பிடிமாடு", அதாவது மாடு பிடிபட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

மஞ்சமலை மச்சான்: அண்ணே, முடிவு சொல்வது கமிட்டி. மைக்கில் இருப்பவர் அதைத்தான் அறிவிக்கிறார். உங்கள் மாடு பிடிபட்டது இன்னுமா ஆறவில்லை?

அலங்கை அண்ணாச்சி: ரெண்டு துள்ளல்! எங்கள் ஊர் வாடியில் இப்படி நடந்திருக்காது.

செல்லூர்க்காரன்: எங்கள் ஊர் கபடியில் யார் ரெய்டு, எத்தனை புள்ளி, அவ்வளவுதான் மைக்கில் வரும். நடுவில் அண்டா விற்க மாட்டார்கள்.

மஞ்சமலை மச்சான்: "விற்க" என்ற வார்த்தையை வாபஸ் வாங்குங்கள். என் தாய்மாமன் 20 வருஷம் அந்த மைக்கைப் பிடித்தவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயிலில் நின்று கத்திவிட்டு, ஒரு வாரம் பேச்சே வராமல் சுக்குத் தண்ணீர் குடிப்பார். ஒரு மாட்டுக்காரர் பேரைத் தப்பாகச் சொன்னதில்லை. பருத்திவிதையும் உளுந்தும் அரைத்துப் போட்டு வருஷம் முழுக்க மாட்டைப் பார்த்த வீட்டுப் பெண்களுக்கு, தங்கள் ஊர் பேர் மைக்கில் கேட்கிற அந்த நொடிதான் கூலி. அதையா நிறுத்தச் சொல்கிறீர்கள்?

செல்லூர்க்காரன்: உங்கள் மாமாவை மதிக்கிறேன். அண்டாவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

மஞ்சமலை மச்சான்: மேலே சொல்லியாகிவிட்டது. படியுங்கள்.

செல்லூர்க்காரன்: படித்தேன். ஏலம்தான்.

அலங்கை அண்ணாச்சி: ரெண்டு துள்ளலுக்கு யார் பதில் சொல்வது?