ஏஎஸ்/400 நிரலிலிருந்து டெர்மினல் வகையை அறிவது: உங்கள் அனுபவம் என்ன?

ஐபிஎம்-இன் ஏஎஸ்/400 கணினியில் பழைய ஆர்பிஜி மொழி நிரல்களோடு மல்லுக்கட்டுகிற எல்லோருக்கும் இது ஒருநாள் வந்தே தீரும். கிடங்கு இருப்புப் பட்டியலை 132 பத்தியில் (வரிக்கு 132 எழுத்து) காட்ட வேண்டும். ஆனால் பாதிப் பேருடைய டெர்மினல் (சர்வரோடு இணைந்த திரையும் விசைப்பலகையும்) 80 பத்தியோடு நின்றுவிடும். யாருக்கு எதைக் காட்டுவது?

எங்கள் கைக்கு வந்த நிரல், சாதன விவரத்தைத் தரும் ஏபிஐ-யை (சிஸ்டத்தோடு வரும் ஆயத்த நிரலை) கூப்பிட்டு டெர்மினலின் வகை எண்ணை வாங்கிக்கொள்ளும். 3180, 3477 என்றால் அகலத் திரை, வேறு எதுவாக இருந்தாலும் 24 வரி, 80 பத்தி. மேசைமேல் நிஜ டெர்மினல் உட்கார்ந்திருந்த காலத்தில் இது போதும். 5251 மாடல் 11 என்றால் 80 பத்தி, 3180 என்றால் 27 வரி, 132 பத்தி. எண்ணைச் சொன்னால் திரை தெரிந்துவிடும். ஆனாலும் 3487 வந்தபோதே அந்தப் பட்டியல் பழசாகிவிட்டது. பெரிய திரை இருந்தும் அந்தப் பயனர்களுக்குச் சின்னப் பட்டியல்தான்.

இப்போதோ எல்லாம் பிசி. 5250 எமுலேட்டர் (பிசியையே டெர்மினல்போல நடிக்கவைக்கும் மென்பொருள்) நெட்வொர்க் வழியே டெல்நெட்டில் இணையும்போது, தான் ஐபிஎம்-3179-2 என்றோ ஐபிஎம்-3477-எஃப்சி என்றோ அதுவே சொல்லிக்கொள்கிறது. அதை நம்பித்தான் சர்வர் QPADEV0004 மாதிரி ஒரு மெய்நிகர் சாதனத்தைக் கொடுக்கிறது. பயனர் அமைப்பில் போய்த் திரை அளவை மாற்றிவிட்டு மறுபடி இணைந்தால், அதே பிசி வேறு மாடலாக வந்து நிற்கும். பயனருக்கு இன்ன டெர்மினல் என்று ஒரு கோப்பில் எழுதிவைப்பதும் வீண். காலையில் ஒருவருக்குப் போன சாதனப் பெயர் மதியம் இன்னொருவருக்குப் போகும்.

அதனால் நான் மாடல் எண்ணைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். திரையைக் கையாளும் டைனமிக் ஸ்கிரீன் மேனேஜர் ஏபிஐ-களில், இந்தத் திரை 27-க்கு 132 தாங்குமா என்று நேராகக் கேட்க ஒன்று இருக்கிறது. நமக்கு வேண்டிய கேள்வியும் அதுதானே. நாளைக்குப் புது மாடல் வந்தாலும் நிரலைத் தொட வேண்டாம். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

—

அண்ணா, காட்சிக் கோப்பு (திரையின் வடிவத்தைச் சொல்லும் கோப்பு) நம் கையில் இருந்தால் அந்த ஏபிஐ-கூட வேண்டாம். அதை எழுதும் டிடிஎஸ் மொழியில் திரை அளவுக்கான குறிச்சொல்லில் 27 132 முதலிலும் 24 80 அடுத்தும் கொடுத்துவிடுங்கள். திரை தாங்கினால் பெரியது, இல்லாவிட்டால் சின்னது, சிஸ்டமே பார்த்துக்கொள்ளும். 27 132 மட்டும் கொடுத்தால் 80 பத்தித் திரையில் கோப்பே திறக்காது. எந்த அளவில் திறந்தது என்பதை ஆர்பிஜி-யில் போஸ்ட் ஆப்கோட் (கட்டளை) போட்டு, கோப்புத் தகவல் அமைப்பில் வரும் வரி, பத்தி எண்ணிக்கையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். சப்ஃபைலில் (திரையில் பக்கம் பக்கமாக வரும் பட்டியலில்) ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி என்பதையும் அளவுக்கு அளவு தனித்தனியாகக் கொடுக்க மறக்காதீர்கள்.

—

எங்கள் இடத்தில் இந்த இரண்டுமே கைகொடுக்கவில்லை சார். கிடங்கில் பார்கோடு ஸ்கேன் செய்யும் கைக்கருவிகள் இருக்கின்றன. உள்ளங்கை அளவுத் திரை. கண்ணுக்குத் தெரிவது சில வரிகள்தான். ஆனால் டெல்நெட்டில் அது தன்னை முழு 24-க்கு 80 டெர்மினல் என்றுதான் சொல்லிக்கொள்கிறது. சிஸ்டம் அதை நம்பி முழு மெனுவையும் அனுப்ப, ஊழியர் அதை இடமும் வலமும் நகர்த்தி நகர்த்தித் தேடிக்கொண்டிருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

கடைசியில் சாதனப் பெயரை வைத்துத்தான் தீர்த்தோம். ஒவ்வொரு கருவியின் எமுலேட்டர் அமைப்பிலும் ஒரே முன்னொட்டில் பெயர் வைத்தோம். இன்டராக்டிவ் ஜாபின் (பயனர் திரையில் உட்கார்ந்து நடத்தும் வேலையின்) பெயர்தான் சாதனத்தின் பெயர் என்பதால், பயனர் உள்ளே வந்ததும் ஓடும் தொடக்க சிஎல் (கட்டளை மொழி) நிரலில் ஜாப் பெயரை வாங்கி முதல் மூன்று எழுத்தைப் பார்த்தால் போதும்.

—

பெயர் வைக்காத புதுக் கருவி வந்தால், அதுவும் QPADEV என்றுதானே உள்ளே வரும்?

—

ஆமாம் சார். அதனால் கிடங்கு ஊழியர்களின் யூசர் புரொஃபைலில் தொடக்க நிரலையே தனியாக வைத்துவிட்டோம். பெயர் பொருந்தாவிட்டால் அவர்களுக்குச் சின்ன மெனுதான் வரும். பெரிய திரையில் சின்ன மெனு வந்தால் வேலை நடக்கும். கைக்கருவியில் பெரிய மெனு வந்தால் லாரி வாசலிலேயே நிற்கும்.