கும்பகோணத்திலிருந்து ஊட்டிக்கு 14 பேர், ஒரே வேன்: திட்டம் சரியாக இருக்கிறதா?

காவிரிக்கரை:

வணக்கம். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் குடும்பத்தோடு ஊட்டி போகிறோம். பெரியவர்களும் பிள்ளைகளுமாக 14 பேர். அம்மாச்சிக்கு 78 வயது, முட்டி வலி உண்டு. பிள்ளைகளில் இரண்டு பேருக்கு வளைவு வந்தாலே வாந்தி. டெம்போ டிராவலர் பேசிக்கொண்டிருக்கிறோம், டிரைவர் ஒருவர்தான்.

வெள்ளி இரவு 9 மணிக்குக் கிளம்பினால் விடியற்காலை மேட்டுப்பாளையம், 7 மணிக்கு ஊட்டி. சனிக்கிழமை தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா, தொட்டபெட்டா, படகு இல்லம். ஞாயிறு குன்னூரும் பைக்காராவும். திங்கள் காலை மசினகுடி வழியாக இறங்கி, தெப்பக்காடு யானைகள் முகாம் பார்த்துவிட்டு அன்று இரவே வீடு.

குன்னூர் வழி நல்லதா, கோத்தகிரி வழியா? அம்மாச்சிக்கு மலை ரயிலில் போக ரொம்ப நாள் ஆசை. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

குன்னூர்க்காரி:

முதலில் இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். கட்டணம் கிடையாது. ஆனால் வண்டி நம்பர் கேட்கும், அதனால் வேனை உறுதி செய்த பிறகுதான் எடுக்க முடியும். கடைசி நேரத்தில் வேன் மாறினால் மறுபடி எடுங்கள். குன்னூர் வழியில் கல்லாறிலும், கோத்தகிரி வழியில் குஞ்சப்பனையிலும் பார்ப்பார்கள்.

அடுத்தது பிளாஸ்டிக். நீலகிரியில் தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில், பிளாஸ்டிக் தட்டு, டம்ளர் எல்லாம் தடை. மூட்டையாக வாங்கி ஏற்றிக்கொண்டு வந்து செக்போஸ்டில் பறிகொடுப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். எவர்சில்வர் கேன் இரண்டு கொண்டு வாருங்கள். இது அதிகாரிகளுக்காக மட்டும் இல்லை. இந்தக் காட்டு யானைகளின் சாணத்தில் பிளாஸ்டிக் கிடப்பதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம்.

ரயில் விஷயம். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் வண்டி 46 கிலோமீட்டர் ஏறி ஊட்டி வந்து சேர மதியம் ஆகிவிடும். குன்னூர் வரை 1899இல் ஓடத் தொடங்கியது, ஊட்டி வரை 1908இல் நீட்டினார்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான் பல்சக்கரப் பாதை, அதாவது தண்டவாள நடுவில் இருக்கும் பல் வரிசையைப் பிடித்து வண்டி ஏறும் பாதை. அழகும் அங்கேதான். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து அடிக்கடி ரத்தாகும் பகுதியும் அதுதான். முட்டி வலியோடு ஐந்து மணி நேரம் உட்காருவதும் கஷ்டம். அம்மாச்சியைக் குன்னூரில் ஏற்றி ஊட்டியில் இறக்குங்கள். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். கேத்திப் பள்ளத்தாக்குப் பக்கம் ஜன்னல் கிடைத்தால் ஆசை தீரப் பார்க்கலாம். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது, அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

டிசம்பர் இறுதியில் இங்கே உறைபனி விழும் காலம். அம்மாச்சிக்குக் காதை மூடும் குல்லா, கம்பளிக் காலுறை கட்டாயம்.

மலைரோடு டிரைவர்:

தம்பி, நான் கோயம்புத்தூரில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன். எந்த வழி என்று கேட்டிருக்கிறீர்கள். அதைவிடப் பெரிய கேள்வி, எந்த நேரத்தில் மலை ஏறுகிறீர்கள் என்பது.

உங்கள் ஊரிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 340 கிலோமீட்டர். ஒரே ஆள் ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு, விடியற்காலை நாலு, அஞ்சு மணிக்கு, கண் செருகுகிற அந்த நேரத்தில், கல்லாறில் முதல் கொண்டை ஊசி வளைவுக்கு வருகிறார். பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பர்லியார் தாண்டினால் பனிமூட்டம் வேறு. இந்த ஒரு திட்டத்தை மட்டும் தயவுசெய்து மாற்றுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை நாலரைக்குக் கிளம்புங்கள். டிரைவர் முந்தின ராத்திரி வீட்டில் தூங்கியிருக்க வேண்டும், வேறு சவாரி ஓட்டிவிட்டு நேராக வரக் கூடாது. இதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். கரூர் பக்கம் டிபன். காங்கேயத்திலிருந்து பல்லடம், கோவை என்று போகாமல் திருப்பூர், அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் வந்தால் கோவை நகர நெரிசல் இல்லை. மதியத்துக்குள் மேட்டுப்பாளையம். பிள்ளைகளுக்கு அங்கே தயிர்சாதம், இட்லி மாதிரி லேசாகக் கொடுங்கள், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். அரை மணி ஓய்வு, அப்புறம் ஏற்றம். இருட்டுவதற்குள் ஊட்டியில் இருப்பீர்கள்.

ஏறுவதற்குக் குன்னூர் வழி. 14 கொண்டை ஊசி வளைவு, ரோடு அகலம், குன்னூரில் நிறுத்தி ரயிலில் போகிறவர்களை இறக்கிவிடவும் தோது. இறங்குவதற்குக் கோத்தகிரி. சீசனில் போலீஸே இப்படித்தான் ஒருவழியாக விடுவார்கள். வளைவு குறைவு, வாந்தி வரும் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் நிம்மதி.

மசினகுடியை விட்டுவிடுங்கள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 வளைவு, மிகச் செங்குத்து. வெளியூர் வண்டியை அதில் இறங்க விட மாட்டார்கள். கூடலூர் சுற்றித்தான் தெப்பக்காடு போக வேண்டும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம். அங்கே போய்விட்டால் கும்பகோணத்துக்கு எதிர்ப்பக்கம் இறங்கியிருப்பீர்கள், திரும்ப மலை ஏறி வர வேண்டும். தெப்பக்காடு இருக்கும் முதுமலைக்கென்று தனியாக ஒரு தடவை வாருங்கள்.

இறக்கம்தான் ஆபத்தானது. 2023 செப்டம்பர் 30 அன்று குன்னூர் மரப்பாலம் பக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்த சுற்றுலா பஸ் பள்ளத்தில் விழுந்து 9 பேர் இறந்தார்கள். அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். வண்டியை இன்ஜின்தான் பிடித்து நிறுத்த வேண்டும், பிரேக் துணைக்கு மட்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர் கையில் குடும்பத்தைக் கொடுக்காதீர்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் கருகிய நாற்றம் அடிக்கும், பெடல் மெத்தென்று உள்ளே போகும். நாற்றம் வந்தால் உட்கார்ந்திருக்கும் நீங்களே சொல்லலாம், அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி ஆற விடுங்கள். சூட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி. மலையில் பாட்டுச் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்கு அந்தப் பக்கம் அடிக்கிற ஹாரன் டிரைவர் காதில் விழ வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். ரூம் போடும்போது டிரைவருக்கு ஒரு கட்டில் உண்டா என்று கேளுங்கள். டிசம்பர் குளிரில் வண்டிக்குள்ளே சீட்டில் முடங்கிக் கிடந்தவர்தான் மறுநாள் உங்களை இறக்கிக் கூட்டிக்கொண்டு போகிறார். பேட்டா கொடுத்துவிட்டோமே என்று நினைக்கிறார்கள். பேட்டாவை விரித்துப் படுக்க முடியாது தம்பி.

காவிரிக்கரை:

ரொம்ப நன்றி அண்ணே. வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். மசினகுடியை எடுத்துவிட்டோம். சித்தப்பா மட்டும், ராத்திரி போனால் ஒரு நாள் ரூம் வாடகை மிச்சம் என்கிறார். அப்புறம், தெரிந்தவர் ஒருவரின் சொந்த போர்டு வேன் குறைந்த வாடகைக்கு வருகிறது. 12 சீட், பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எடுக்கலாமா?

மலைரோடு டிரைவர்:

சித்தப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள். வெள்ளி, சனி இரண்டு ராத்திரி தங்கி ஞாயிறு காலை 8 மணிக்கு இறங்கினாலும் இரண்டு நாள் வாடகைதான், அன்று இரவே வீடு வந்துவிடலாம். உங்கள் பழைய திட்டத்திலும் சனி, ஞாயிறு என்று அதே இரண்டு வாடகை. அதில் சனிக்கிழமை காலை 7 மணிக்குப் போய் நின்றால் பெரும்பாலான லாட்ஜில் மதியம்தான் ரூம் தருவார்கள். அம்மாச்சியை அந்தக் குளிரில் பாத்ரூம்கூட இல்லாமல் எங்கே உட்கார வைப்பீர்கள்?

சொந்த போர்டு வேண்டாம். வாடகைக்கு ஓட்டினால் இன்சூரன்ஸ் கைகொடுக்காமல் போகலாம், வழியில் பிடித்தால் பயணமே நின்றுவிடும். வாடகைக்கு ஓட்ட அனுமதி உள்ள மஞ்சள் போர்டு, 17 சீட் வண்டி எடுங்கள். ஆளுக்கு ஒரு சீட் இருக்கட்டும், வளைவில் மடியில் இருக்கும் பிள்ளைதான் முதலில் தெறிக்கும். எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் தேதியை நேரில் பாருங்கள்.

குன்னூர்க்காரி:

சனிக்கிழமைக்கு அத்தனை இடம் வேண்டாம். தாவரவியல் பூங்காவை 1848இல் தொட்டபெட்டா சரிவில் அமைத்தார்கள், மேலே போகப் போக ஏற்றம். அம்மாச்சி கீழ்ப் புல்வெளியிலும் கண்ணாடி மாளிகையிலும் இருக்கட்டும், பிள்ளைகள் ஏறி வரட்டும். தொட்டபெட்டா 2,637 மீட்டர், காலையிலேயே போனால்தான் மூட்டமில்லாமல் ஏதாவது தெரியும். பைக்காராவா படகு இல்லமா, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குன்னூர் சிம்ஸ் பூங்காவை வெள்ளிக்கிழமை ஏறும்போது பார்க்க நேரம் இருக்காது, அதற்காக வண்டியை விரட்டாதீர்கள்.

காவிரிக்கரை:

சரி, பைக்காராவை எடுத்துவிடுகிறோம். 17 சீட் வண்டிக்கு இன்று பேசிவிட்டேன், டிரைவருக்குக் கட்டிலும் லாட்ஜில் கேட்டாயிற்று, தருகிறார்கள். வாந்தி வரும் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது?

மலைரோடு டிரைவர்:

டிரைவர் சீட்டுக்கு நேர் பின்வரிசை, ஜன்னல் ஓரம். பின்சக்கரத்துக்கு மேலே வேண்டவே வேண்டாம், அங்கேதான் ஆட்டம் அதிகம். போன் பார்க்க விடாதீர்கள், தூரத்தில் ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை கொடுப்பதென்றால் டாக்டரிடம் கேட்டு, ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். துணிப்பையில் பழைய செய்தித்தாள், ஒரு எலுமிச்சம்பழம், ஈரத்துண்டு, இந்த மூன்றும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.