டிஃப் (TIFF) படக் கோப்பில் நான்கு பக்கம், ஜேபிஜி (JPG) ஆக்கினால் ஒன்றுதான் வருகிறது. உதவி தேவை

கேள்வி – பொகவந்தலாவையிலிருந்து

வணக்கம். தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று பதிவாகி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவர் எங்கள் அப்பாயியின் தங்கை. இப்போது கோத்தகிரியில் இருக்கிறார். கண் பார்வை குறைந்துகொண்டே வருகிறது, பழைய படங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார். பெட்டியிலிருந்த குடும்பப் போட்டோ ஒன்று, அவர் அந்தக் காலத்தில் எழுதிய கடிதம் இரண்டு பக்கம், தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ், எல்லாவற்றையும் டவுனில் ஸ்கேன் செய்தேன். ஏ4 அளவு, கலர், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்). பென் டிரைவில் ஒரே ஃபைலாகத் தந்தார்கள். டிஃப், 104 எம்பி.

ஃபோனில் திறக்கவில்லை. எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சிக்னல் இல்லை, கொழுந்து மடுவத்துக்கு மேலே உள்ள மேட்டில் நின்று ஒரு ஆன்லைன் தளத்தில் ஏற்றி ஜேபிஜி ஆக்கினேன். வந்தது போட்டோ மட்டும். இன்னொரு தளம் ஃபைல் பெரிது என்று எடுக்கவே இல்லை. மற்ற மூன்றையும் ஸ்கேன் செய்யாமலே விட்டுவிட்டார்களா?

பதில் – ஹட்டன்

தங்கச்சி, பெயரின் கடைசியில் உள்ள டிஃப் என்பதை அழித்து ஜேபிஜி என்று எழுதிப் பாருங்கள்.

பதில் – கொட்டகலை

ஹட்டன் தம்பி, அப்படிச் செய்தால் பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது டிஃப்பாகவே இருக்கும். அதை மறுபடி சேமித்து உருவாக்கினால்தான் ஜேபிஜி.

தங்கச்சி, பயப்படாதீர்கள், நான்கும் அதில் இருக்கின்றன. கணக்குப் பாருங்கள். ஏ4 தாளை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2480 க்கு 3508 புள்ளிகள். கலரில் ஒரு புள்ளிக்கு 3 பைட். சுருக்காமல் வைத்தால் பக்கத்துக்குச் சுமார் 26 எம்பி, நான்கு பக்கத்துக்கு 104. டிஃப் ஒரே ஃபைலில் பல பக்கம் வைத்திருக்கும், ஜேபிஜியில் ஒரு படம்தான். உங்கள் தளம் முதல் பக்கத்தை மட்டும் எடுத்து மற்றதை விட்டுவிட்டது.

விண்டோஸ் கொம்பியூட்டர் ஒன்று தேவை. இர்ஃபான்வியூ சின்ன மென்பொருள், வீட்டுப் பாவனைக்கு இலவசம். அதில் ஃபைலைத் திறந்து ஆப்ஷன்ஸ் மெனுவில் பல பக்கப் படங்களுக்கான இடத்துக்குப் போனால் எல்லாப் பக்கங்களையும் பிரித்தெடுக்கும் வசதி இருக்கிறது. ஜேபிஜி என்று தெரிவு செய்யுங்கள், தரம் 90 போதும். இன்டர்நெட் வேண்டியதில்லை. பெயின்டில் திறந்து சேமித்துவிடாதீர்கள்! அதிலும் முதல் பக்கம்தான் தெரியும், அதே பெயரில் சேமித்தால் மற்ற மூன்றும் போய்விடும். முதலில் ஃபைலுக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாத்தாவின் சான்றிதழை ஆன்லைன் தளங்களில் ஏற்றாதீர்கள். பெரும்பாலான தளங்களில் படம் அவர்களுடைய சேர்வருக்குப் போய்த்தான் மாறி வருகிறது. அந்தக் கடதாசிக்காக நம் ஆட்கள் எத்தனை வருஷம் அலைந்தார்கள் என்று உங்கள் அப்பாயியைக் கேட்டால் சொல்வார். கொமியூனிகேஷன் கடைக் கொம்பியூட்டரில் செய்தால் வேலை முடிந்ததும் ஃபைல்களை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டு வாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மிச்சம் நன்றி அக்கா. அப்புறம், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எழுத்து மங்குமா? கடிதத்தின் மை ஏற்கெனவே வெளிறிப் போயிருக்கிறது.

பதில் – கொட்டகலை

படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் இன்னொரு தடவை சுருக்கும், மெல்லிய எழுத்து கலங்கிவிடும். டொக்கியூமென்ட்டாக இணைத்து அனுப்புங்கள், அப்படியே போகும். டிஃப்பை மட்டும் அழிக்காதீர்கள். ஜேபிஜி சுருக்கும்போது கொஞ்சம் விவரத்தை விட்டுவிடும், பிறகு திரும்ப எடுக்க முடியாது. போட்டோ சின்னதென்றால் அதை 600 டிபிஐயில் தனியாக ஸ்கேன் செய்வது நல்லது, பெரிதாக்கினாலும் முகங்கள் தெரியும்.

கேள்வி கேட்டவர்

சரி வந்தது அக்கா! பாடசாலைக் கொம்பியூட்டரில் சேர் திறந்து தந்தார், நான்கும் தனித்தனியாக, ஒவ்வொன்றும் 3 எம்பிக்குள். நேற்றிரவு கோத்தகிரிக்கு அனுப்பினேன். பேரன் கடிதத்தைப் பெரிதாக்கி வாசித்துக் காட்டினானாம். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த வரியும் தெரிகிறதாம். போட்டோவில் பின்வரிசையில் நிற்பது யார் என்று கேட்கிறார்கள், அப்பாயிக்கும் முகம் சரியாகத் தெரியவில்லை. சனிக்கிழமை அதை 600ல் ஸ்கேன் செய்ய டவுனுக்குப் போகிறேன்.