எலிமெண்டரி மூன்றாம் சீசன் முடிவு: ஷெர்லாக்கை விழவைத்தது ஆஸ்கரா?

நள்ளிரவு வாசகன்:
'எலிமெண்டரி'யை மறுபடி முதலிலிருந்து பார்த்து வருகிறேன். மூன்றாம் சீசன் முடிவு இந்தத் தடவையும் உறுத்துகிறது. பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷெர்லாக் ஹோம்ஸை இன்றைய நியூயார்க்கில் உலவவிட்டு 2012 முதல் 2019 வரை சிபிஎஸ் ஒளிபரப்பிய துப்பறியும் தொடர் இது. ஷெர்லாக் (ஜானி லீ மில்லர்) ஹெராயினுக்கு அடிமையாகி, மறுவாழ்வு மையத்திலிருந்து வெளியே வருபவன். அவன் திரும்ப விழாமல் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள அவன் அப்பா சம்பளம் கொடுத்து அமர்த்துபவர்தான் ஜோன் வாட்சன் (லூசி லியு).

மூன்றாம் சீசனின் கடைசிப் பகுதியில், போதைக் காலத்துக் கூட்டாளி ஆஸ்கர், ஷெர்லாக்கின் நண்பன் ஆல்ஃப்ரெடோவைக் கடத்துகிறான். 'காணாமல் போன என் சகோதரி ஒலிவியாவைக் கண்டுபிடி, ஆல்ஃப்ரெடோவை விடுகிறேன்' என்கிறான். பழைய போதை உலகத்துக்குள் ஷெர்லாக்கை இழுத்துக்கொண்டு அலைகிறான். கடைசியில் அவள் பிணமாகக் கிடக்கிறாள். அது ஆஸ்கருக்கு முன்பே தெரியும். தேடலே ஒரு வலை. ஷெர்லாக் அவனை அடித்துத் துவைக்கிறான், அப்புறம் ஹெராயினை எடுத்துக்கொள்கிறான்.

இதை 'ஷெர்லாக்கின் வீழ்ச்சி' என்று எல்லோரும் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவனைத் திட்டம் போட்டு, நண்பனின் உயிரைப் பணயம் வைத்து, பிணத்தைக் காட்டி, கைக்கெட்டும் தூரத்தில் ஹெராயினையும் வைத்தால் அது கொலை முயற்சிக்குச் சமம். குற்றவாளி ஆஸ்கர் மட்டும்தான்.

வேம்பு:
வணக்கம் நண்பரே. ஆஸ்கர் செய்தது கொடுமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 'மட்டும்தான்' என்பதில் உடன்பாடு இல்லை. அந்த சீசனை முதலிலிருந்து வரிசையாகப் பாருங்கள்.

எட்டாவது பகுதியில், போதையிலிருந்து மீள்பவர்கள் கூடிப் பேசும் மீட்புக் கூட்டங்களில் ஷெர்லாக் மனம்விட்டுப் பேசியதை யாரோ இணையத்தில் வெளியிடுவது தெரியவருகிறது. அந்தக் கூட்டங்களின் உயிரே பெயர் வெளியே போகாது என்ற உறுதிதான். அது உடைந்ததும் அவன் கூட்டத்துக்குப் போவதைத் தவிர்க்கிறான். அடுத்த பகுதியிலேயே ஜோனிடம் சொல்கிறான்: போதையில்லாமல் இருப்பது ஓயாத, அலுப்பூட்டும் வேலை. ஒழுகும் குழாயைப் போல, விடாமல் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், பதிலுக்குக் கிடைப்பது சொட்டாமல் இருப்பது மட்டும். 'இவ்வளவுதானா?' என்று கேட்கிறான். அதைச் சொல்லும்போது மில்லரின் முகத்தைப் பாருங்கள். அழுகை இல்லை, கோபம் இல்லை, வெறும் களைப்பு. பிறகு, ஆல்ஃப்ரெடோவோடு நண்பனாகப் பழக வேண்டும் என்பதற்காக அவனை ஸ்பான்சர் (மீட்பில் கூடவே வழிகாட்டும் மூத்த உறுப்பினர்) பொறுப்பிலிருந்தும் விடுவிக்கிறான். நல்லெண்ணம்தான். ஆனால் ஆஸ்கர் வந்து நிற்கும்போது ஷெர்லாக்குக்கு முறையான வழிகாட்டி யாரும் இல்லை.

நான் செவிலியர். போதை மீட்புப் பிரிவில் வேலை பார்த்திருக்கிறேன். ஊசியைத் தொடுவதற்கு வெகு முன்பே வீழ்ச்சி தொடங்கிவிடும் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். கூட்டத்தைத் தவிர்ப்பது, 'இதனால் என்ன பயன்' என்று கேட்பது, தனியாக ஒதுங்குவது, எல்லாம் வரிசையாக வரும். தொடர் அதை அப்படியே காட்டியிருக்கிறது. ஆஸ்கர் திறந்த கதவைத் தள்ளியவன்.

நள்ளிரவு வாசகன்:
வேம்பு அக்கா, நீங்கள் சொன்ன வரிசை சரி. ஆனால் அலுப்பு எல்லோருக்கும்தான் வருகிறது. குழாய் வசனத்துக்குப் பிறகும் அவன் சுத்தமாகத்தானே இருந்தான்? பதினாறாவது பகுதியில், 2011-இல் நடந்த ஒரு பெண்ணின் கொலையில் அவன்மேலேயே சந்தேகம் விழுகிறது. அப்போது போதையில் இருந்ததால் தான் கொன்றோமா இல்லையா என்பதுகூட அவனுக்கு நினைவில்லை. அதைவிடப் பெரிய அடி என்ன வேண்டும்? அப்போதும் தாக்குப்பிடித்தானே. ஆஸ்கர் வராமல் இருந்திருந்தால் விழுந்திருக்க மாட்டான்.

சாரல்:
நீங்கள் இருவருமே ஆஸ்கரை ஒரு கருவியாகத்தான் பார்க்கிறீர்கள். எனக்கு அதில்தான் வருத்தம். அவனும் அதே நோயில் கிடப்பவன். இருவரும் ஒரே இடத்தில் ஒன்றாகக் கிடந்தவர்கள். ஒருவனுக்குப் பணக்கார அப்பா, மறுவாழ்வு மையம், வீட்டோடு தங்கிக் கவனிக்க ஒரு முன்னாள் அறுவை சிகிச்சை மருத்துவர், காவல்துறையில் மதிப்பு எல்லாம் கிடைத்தன. இன்னொருவனுக்குச் சகோதரியின் பிணம் கிடைத்தது. அவன் ஷெர்லாக்கிடம் கேட்பது பணம் இல்லை. நீயும் என்னைப் போலத்தான் என்று ஒப்புக்கொள் என்கிறான். அவன் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் 'கெட்டவன் வலை விரித்தான், நல்லவன் சிக்கினான்' என்று சுருக்கினால், இந்தத் தொடர் மற்றத் துப்பறியும் தொடர்களிலிருந்து எதில் வேறுபடுகிறதோ அதையே தூக்கி எறிகிறோம்.

பழைய கணக்கு:
மூலக் கதையையும் கொஞ்சம் பாருங்கள். கோனன் டாயிலின் 'தி சைன் ஆஃப் ஃபோர்' (1890) தொடங்குவதே ஹோம்ஸ் ஏழு சதவீத கோக்கைன் கரைசலை ஊசியில் ஏற்றும் காட்சியில்தான். அன்றைய பிரிட்டனில் அது சட்டப்படி குற்றமில்லை. காரணம், கையில் வழக்கு இல்லை, மூளைக்குத் தீனி இல்லை. 1904-இல் வந்த ஒரு சிறுகதையில், அந்தப் பழக்கத்திலிருந்து அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தேன், ஆனால் அந்தப் பேய் சாகவில்லை, தூங்கத்தான் செய்கிறது என்கிறார் வாட்சன். எலிமெண்டரியின் ஆறேழு ஆண்டுக் கதை முழுவதும் அந்த ஒரு வரியிலிருந்து கிளம்பியதுதான் என்பேன். ஆக, ஆஸ்கர் இல்லாவிட்டால் வேறு ஏதாவது ஒன்று.

நள்ளிரவு வாசகன்:
'வேறு ஏதாவது ஒன்று' என்பதை ஏற்க மாட்டேன் ஐயா. அப்படிப் பார்த்தால் போதையிலிருந்து மீண்ட ஒவ்வொருவரும் விழக் காத்திருப்பவர் என்றாகிவிடும். முதல் சீசனில், போதையில்லாமல் ஓராண்டு நிறைந்ததன் அடையாளமாக மீட்புக் கூட்டத்தில் தரும் நாணயத்தைக் கொடுக்க வருகிறார்கள். ஷெர்லாக் தட்டிக்கழித்துக்கொண்டே இருக்கிறான். கடைசியில் ஜோனிடம் உண்மையைச் சொல்கிறான்: எல்லோரும் நினைக்கும் தேதிக்கு மறுநாள்தான் சரியான தேதி, ஏனென்றால் முதல் நாளே சறுக்கியிருந்தான். யாருக்கும் தெரியாத ஒரே ஒரு நாள். அதைக்கூட மறைக்க மனம் வரவில்லை. இப்படிப்பட்டவன் விழுவது விதி என்று எப்படிச் சொல்ல முடியும்?

வேம்பு:
விதி என்று நான் சொல்லவில்லை தம்பி. அந்த நாணயக் காட்சி எனக்கும் மிகப் பிடித்தது. ஆனால் பொறுப்பு முழுவதையும் ஆஸ்கர் தலையில் ஏற்றினால், மீண்டு எழுவதற்கு ஷெர்லாக்கின் கையில் என்ன மிஞ்சும்? 'நான் விழுந்தேன்' என்று சொல்ல முடிந்தவரால்தான் மறுநாள் கூட்டத்துக்குப் போக முடியும். 'என்னைத் தள்ளிவிட்டார்கள்' என்பவர் தள்ளியவரையே நினைத்துக்கொண்டிருப்பார். வார்டில் இதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீண்ட நாள் விட்டவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உயிர் போகலாம். உடம்பின் தாங்கும் திறன் அதற்குள் குறைந்திருக்கும். மூன்றாண்டு சுத்தமாக இருந்த ஷெர்லாக் அந்த இரவில் செத்திருக்கலாம். தொடர் இந்த ஆபத்தைப் பற்றிப் பேசாமல் போனதுதான் எனக்குக் குறை.

சாரல்:
நான்காம் சீசனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போதைக்காகவும் ஆஸ்கரை அடித்ததற்காகவும் ஷெர்லாக்கும் ஜோனும் காவல்துறைக்கு ஆலோசகர்களாக இருந்த வேலையை இழக்கிறார்கள். வழக்கும் வரும் நிலை. அப்பா மோர்லாண்ட் வந்து இறங்குகிறார், செல்வாக்கு வேலை செய்கிறது. ஷெர்லாக்கின் அம்மாவும் போதைக்கு அடிமையாக இருந்தவர் என்பது அந்த சீசனில்தான் தெரிகிறது. அப்படியானால் ஆஸ்கர் வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே இது அந்த வீட்டில் இருந்திருக்கிறது. ஆனால் அந்த வீட்டுக்குக் கை கொடுக்க ஆள் இருந்தது. ஆஸ்கருக்கு யார் இருந்தார்கள்?

நள்ளிரவு வாசகன்:
ஆஸ்கருக்கு யாரும் இல்லை என்பது உண்மை, அதற்காக எனக்கும் மனம் கனக்கிறது. ஆனால் யாரும் இல்லாத எல்லோரும் ஆள் கடத்துவதில்லை. ஆறாம் சீசன் மைக்கேலை நினைத்துப் பாருங்கள். ஷெர்லாக் கூட்டத்தில் பேசியதைக் கேட்டு போதையிலிருந்து மீண்டவன், தேடி வந்து நன்றி சொல்பவன். ஆனால் அவன் தொடர் கொலைகாரன். உனக்குத் துப்பறிதல் எப்படியோ எனக்குக் கொலை அப்படி என்று நினைப்பவன். போதையை விட்டபின் கொலை செய்தவனுக்கு எந்த நோயைக் காரணம் சொல்வது? ஷெர்லாக்கின் பேச்சைக் குற்றம் சொல்வோமா? அங்கே 'அவனே பொறுப்பு' என்று தயங்காமல் சொல்கிறோம். ஆஸ்கர் விஷயத்திலும் நான் கேட்பது அதே அளவுகோல்தான்.

வேம்பு:
அதே அளவுகோலை ஷெர்லாக்குக்கும் வையுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.