உதவி தேவை: அக்டோபரில் டிரெஸ்டன், ஒரே ஒரு செமஸ்டர். தூக்கம் வரவில்லை

கோவை_மெக் (ஆகஸ்ட் 17, 2025)

வணக்கம். கோவையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். பரிமாற்றத் திட்டத்தில் ஏழாவது செமஸ்டரை மட்டும் ஜெர்மனியில், டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. விசா வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கான பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் ஒரு பகுதி மட்டும் எடுக்க முடிகிற கணக்கு) 5,952 யூரோ கட்டியாகிவிட்டது. மாணவர் விடுதியில் அறையும் உறுதி, அக்டோபர் 1 முதல் ஒப்பந்தம்.

இவ்வளவும் முடிந்தபிறகுதான் பயம் வருகிறது. நான் இதுவரை ஹாஸ்டலில்கூடத் தங்கியதில்லை, கல்லூரிப் பேருந்தில் போய்வந்தவள். சந்தேகங்களைக் கொட்டிவிடுகிறேன், மன்னிக்கவும்.

நான்கு பாடம் தேர்ந்தெடுத்திருக்கிறேன். எச்ஓடி சாரிடம் கேட்டதற்கு, "போய்ட்டு வாம்மா, வந்ததும் பாத்துக்கலாம்" என்றார். இது போதுமா? அங்கே வகுப்பு பிப்ரவரி தொடக்கம் வரை, தேர்வு அதற்கும் பிறகு. இங்கே எட்டாவது செமஸ்டர் ஜனவரியிலேயே தொடங்கிவிடும். கேம்பஸ் இன்டர்வியூவும் நான் இல்லாதபோதுதான் நடக்கும். கையில் எவ்வளவு பணம் கொண்டுபோக வேண்டும்? இங்கத்தி பேங்க் ஓடிபி அங்கே வருமா? பாட்டி இரண்டு கிலோ நெய் காய்ச்சித் தருகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறார், கொண்டுபோகலாமா? குக்கர்? குளிருக்கு எத்தனை ஸ்வெட்டர்?

டிக்கெட்டைப் பற்றி மட்டும் கவலை இல்லை. அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார், ஆயுதபூஜைக்கு நான் இருந்தே ஆக வேண்டும். அதனால் விஜயதசமி அன்றிரவு சென்னையில் கிளம்பி, அக்டோபர் 3 காலை பிராங்க்பர்ட், அங்கிருந்து ரயிலில் மதியம் டிரெஸ்டன். நல்ல நாள் பார்த்து அப்பாவே போட்டுவிட்டார்.


எல்பே_கரை

வாழ்த்துகள். நானும் அதே ஊரில் ஒரு குளிர்கால செமஸ்டர் படித்துத் திரும்பியவன்.

நெய், ஸ்வெட்டர் எல்லாம் அப்புறம். "வந்ததும் பாத்துக்கலாம்" என்பதை நம்பி விமானம் ஏறாதீர்கள். எச்ஓடி சார் நல்லவராகவே இருக்கட்டும். நீங்கள் திரும்பும்போது அவர் அந்த நாற்காலியில் இருப்பாரா என்பது அவருக்கே தெரியாது. என் விஷயத்தில் அதுதான் நடந்தது. புதிதாக வந்தவர் என் பாடத்திட்டத்தைப் பார்த்து, "இது நம்ம ஃபைனைட் எலிமெண்ட் பேப்பருக்குச் சமமில்லையே" என்றார். எழுத்தில் எதுவும் இல்லை. அந்த ஒரு பேப்பரை ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி எழுதினேன்.

லேர்னிங் அக்ரிமென்ட் என்று ஒரு தாள் உண்டு. அங்கே படிக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே, இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு, எத்தனை கிரெடிட் என்று எழுதி மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும்: நீங்கள், உங்கள் கல்லூரி, அந்தப் பல்கலைக்கழகம். மதிப்பெண்ணை எப்படி மாற்றுவார்கள் என்பதையும் அதிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். அங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. நம் ஊர் அலுவலகத்தில் யாராவது 1.3 என்பதைப் பார்த்து, பத்துக்கு ஒன்றரைகூட இல்லையே என்று பதறினால் ஆச்சரியமில்லை. ஒரு செமஸ்டருக்கு 30 ஈசிடிஎஸ் (ஐரோப்பிய கிரெடிட்) என்பது முழுச் சுமை. நான்கு பாடம் போதும், ஐந்தாவதை ஆசைப்பட்டுச் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று: வகுப்பில் உட்கார்ந்தால் மட்டும் தேர்வு எழுத முடியாது. தேர்வுக்குத் தனியாக ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும், அதற்குக் கெடுதேதி உண்டு. என் அறைக்குப் பக்கத்து அறைப் பையன் அதைத் தவறவிட்டு, செமஸ்டர் முழுக்கப் படித்த பாடத்தைத் தேர்வே எழுதாமல் விட்டுவிட்டுப் போனான்.

எட்டாவது செமஸ்டருக்கு வழி இருக்கிறது. அது பெரும்பாலும் புராஜெக்ட்தானே? வழிகாட்டி பேராசிரியரை இப்போதே பிடித்து, ஜனவரி, பிப்ரவரி ரிவ்யூவை வீடியோவில் செய்ய அனுமதிக் கடிதம் வாங்குங்கள். சிறிய வகுப்பு என்றால், அங்குள்ள பேராசிரியரிடம் முன்கூட்டியே வாய்மொழித் தேர்வு வைக்க முடியுமா என்று முதல் வாரத்திலேயே கேட்கலாம். சிலர் ஒப்புக்கொள்வார்கள். ஜனவரியில் போய்க் கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். விசா முடியும் தேதியையும் தேர்வு அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விசா முன்பே முடிந்தால், அது முடிவதற்குள் அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.


அம்மாபேட்டை_அம்மா

கண்ணு, நான் படித்துவிட்டு வந்தவள் இல்லை, மகனை அனுப்பியவள். நெய் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அனுப்பாதே. ஐரோப்பாவுக்குள் பாலில் செய்தது, இறைச்சி எதையும் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, பனீர் எல்லாம் அதில் வரும். எனக்கு அது தெரியாது. ஒரு தூக்கு நெய்யும் இரண்டு டப்பா பால்கோவாவும் வைத்து அனுப்பினேன். அங்கே விமான நிலையத்தில் அவன் கண் முன்னாலேயே குப்பையில் போட்டார்களாம். எனக்குத்தான் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது, அதற்குச் செடிநலச் சான்றிதழ் கேட்பார்கள். பொடியாக அரைத்துக் கொடுக்கலாம். வேடிக்கை என்னவென்றால், தேங்காய்க்கு அந்தச் சான்றிதழே வேண்டாமாம்! பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், வத்தல் எல்லாம் தாராளமாக வை. புளிக்காய்ச்சலை மட்டும் பெட்டிக்குள் வை, கைப்பையில் வைத்தால் எடுத்துவிடுவார்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம், மருந்துச்சீட்டும் சேர்ந்திருக்கட்டும். அரிசி சுமக்காதே, அங்கே ஆசியக் கடைகளில் கிடைக்கிறது.

பாட்டியிடம் நெய்க்குப் பதிலாக எள்ளுப்பொடி கேள். அவங்களுக்கும் கை சும்மா இருக்காது.


ஐன்ட்ராக்ட்_இல்லை

குக்கர்: அங்கேயும் 230 வோல்ட்தான், மின்சார ரைஸ் குக்கர் நேராக வேலை செய்யும், பிளக் மாற்றி ஒன்று இருந்தால் போதும். விசில் குக்கர் என்றால், விடுதி அடுப்பு இன்டக்‌ஷனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது.

தாளிப்பு: அறைக்குள் வேண்டவே வேண்டாம். கூரையில் புகை உணரி இருக்கும். சமையலறையில் ஜன்னலைத் திறந்து வைத்து, வரமிளகாயைக் கடைசியில் போடுங்கள். ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள்.

குளிர்: கோவையில் வாங்கும் ஸ்வெட்டர் ஊட்டிக்குத்தான் சரி. உள்ளே போடும் தெர்மலைத் திருப்பூரில் வாங்குங்கள், கோட்டையும் ஷூவையும் அங்கே போய் வாங்குங்கள். ஆனால் உங்களைப் படுத்தப்போவது குளிர் இல்லை, இருட்டு. டிசம்பரில் நான்கு மணிக்கே பொழுது போய்விடும். மூன்று மணிக்கு வகுப்புக்குள் போனால் வெளியே வரும்போது ராத்திரி. மதிய இடைவேளையில் கட்டாயம் வெளியே நடங்கள். ஒரு ஆறுதல், அந்த மாதத்தில்தான் ஸ்ட்ரீட்ஸல்மார்க்ட் என்னும் கிறிஸ்துமஸ் சந்தை. 1434இல் தொடங்கியது.


எல்பே_கரை

ஒரு நிமிடம். உங்கள் கேள்வியை மறுபடி படித்தேன். அக்டோபர் 3 மதியமா டிரெஸ்டன் சேருகிறீர்கள்?

அக்டோபர் 3 ஜெர்மன் ஒற்றுமை நாள். நாடு முழுக்க விடுமுறை, விடுதி அலுவலகமும் மூடியிருக்கும். இந்த வருடம் அது வெள்ளிக்கிழமை. மறுநாள் சனி, அதற்கு மறுநாள் ஞாயிறு. உங்கள் அறைச் சாவி ஹவுஸ்மைஸ்டர் என்னும் கட்டடப் பொறுப்பாளரிடம் இருக்கும். நம் ஊர் வாட்ச்மேன் மாதிரி அவர் எந்நேரமும் இருப்பவர் இல்லை, வேலை நாளில் குறிப்பிட்ட மணி நேரம்தான். திங்கள் காலை வரை உங்களுக்குச் சாவி கிடைக்காது. வெள்ளியும் ஞாயிறும் கடைகளும் திறக்காது. இரண்டு பெட்டியோடு எங்கே போவீர்கள்?


கோவை_மெக்

ஐயோ. எதைக் கவலையில்லை என்று சொன்னேனோ அதுவேவா!

அப்பாவிடம் சொன்னேன். "விஜயதசமிக்குக் கிளம்பினா அங்க எதுக்கு லீவு விடறாங்க?" என்று கேட்கிறார். டிக்கெட்டை மாற்ற பத்தொன்பதாயிரம் சொல்கிறார்கள். முன்னாலே போனால் பூஜைக்கு இருக்க முடியாது. அண்ணா, என்ன செய்யட்டும்?


ஐன்ட்ராக்ட்_இல்லை

டிக்கெட்டை மாற்றிவிடுங்கள். பூஜை அடுத்த வருடமும் வரும்.


அம்மாபேட்டை_அம்மா

அடுத்த வருஷம் இந்தப் பிள்ளை வேலையில் எந்த ஊரில் இருக்குமோ. பூஜைக்கு இருக்கட்டும். மூன்று ராத்திரிக்கு ஒரு லாட்ஜ் கிடைக்காதா?


எல்பே_கரை

கிடைக்கும். ஆனால் நீண்ட வார இறுதி, விலை ஏறியிருக்கும். அதற்கு முன் இதை முயன்று பாருங்கள்.

பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவருக்கு உதவ ஒரு பட்டி (buddy, துணை மாணவர்) திட்டம் இருக்கும், அங்கேயே படிக்கும் ஒருவரை உங்களுக்கு ஒதுக்குவார்கள். இன்றே விண்ணப்பியுங்கள். ஆள் கிடைத்ததும் ஃபோல்மாக்ட் என்னும் அதிகாரக் கடிதம் எழுதுங்கள்: என் சார்பில் இவர் சாவியை வாங்கிக்கொள்ளலாம் என்று இரண்டு வரி, உங்கள் கையெழுத்து, பாஸ்போர்ட் நகல். விடுதி நிர்வாகத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி இதை ஏற்பார்களா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏற்றுக்கொண்டால் அவர் 1ஆம் தேதியோ 2ஆம் தேதியோ சாவியை வாங்கி வைத்துவிடலாம்.

பணத்துக்கு வருகிறேன். பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதம் 992 யூரோதான் வெளியே வரும், அதுவும் உங்கள் பெயரில் நடப்புக் கணக்கு இருந்தால். கணக்குத் தொடங்கப் பல வங்கிகள் முகவரிப் பதிவைக் கேட்கும். ஆன்மெல்டுங் என்னும் அந்தப் பதிவுக்கு வீட்டு உரிமையாளர் சான்று வேண்டும், அது விடுதியில் சேர்ந்த பிறகுதான் கிடைக்கும். குடியேறி இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது விதி, நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் அப்பாயின்ட்மென்ட்டைக் கோவையிலிருந்தே பார்த்து வையுங்கள். இந்தச் சங்கிலி முடிய மூன்று நான்கு வாரம் ஆகலாம். அதுவரை வாடகை, விடுதி முன்பணம், சாப்பாடு எல்லாம் கையிலிருந்துதான். ஃபாரெக்ஸ் கார்டும் ரொக்கமுமாக 1,200 யூரோ இருந்தால் நிம்மதி.

ஓடிபி வரும். ஆனால் சிம்மில் சர்வதேச ரோமிங்கை இங்கேயே திறந்து வைக்க வேண்டும், அங்கே போய்த் திறக்கப் பார்த்தால் அதற்கே ஓடிபி கேட்கும். சிம் செத்துப்போகாமல் அப்பாவை ரீசார்ஜ் செய்யச் சொல்லுங்கள்.

கேம்பஸ் இன்டர்வியூ பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. ஆன்லைன் சுற்று என்றால் நேரத்தைக் கவனியுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். அதுவரை நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், அப்புறம் நாலரை. இங்கே காலை ஒன்பது மணித் தேர்வு என்றால் அங்கே விடியற்காலை நாலரை.


கோவை_மெக் (செப்டம்பர் 9)

பட்டி கிடைத்துவிட்டார், அங்கேயே மின்பொறியியல் படிக்கும் அக்கா. கடிதத்தை ஏற்பதாக விடுதியிலிருந்தும் பதில் வந்துவிட்டது. டிக்கெட்டை மாற்றவில்லை.

எச்ஓடி சாரிடம் தாளை நீட்டினேன். முதலில் சிரித்தார். அப்புறம் பாடத்திட்டத்தை வரி வரியாகப் படித்து, "இந்த மூணு சரி, நாலாவது நம்ம சிலபஸ்ல பாதிதான் வருது" என்றார். அதை மாற்றி வேறு எடுத்தேன். கையெழுத்தும் சீலும் ஆயிற்று. போய்விட்டு வந்து கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே வயிறு கலங்குகிறது.

பாட்டி எள்ளுப்பொடிக்கு ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த நாட்டின் மேல் கோபம் போகவில்லை.


கோவை_மெக் (அக்டோபர் 4)

வந்து சேர்ந்தேன். அக்கா ஸ்டேஷனில் சாவியோடு நின்றார். தெருவே காலி, எல்லாக் கடையும் மூடல். ஸ்டேஷனுக்குள் மட்டும் ஒரு கடை திறந்திருந்தது, ரொட்டியும் தயிரும் வாங்கினோம். ராத்திரி ரொட்டிக்கு எள்ளுப்பொடி தொட்டுக்கொண்டேன்.

அடுப்பு இன்டக்‌ஷன். குக்கர் பெட்டியிலேயே இருக்கிறது. திங்கட்கிழமை என்ன பாத்திரம் வாங்கட்டும், யாராவது சொல்லுங்கள்.


ஐன்ட்ராக்ட்_இல்லை

கடைக்குப் போகும்போது பிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்று எடுத்துப்போங்கள். பாத்திரத்தின் அடியில் ஒட்டினால் வாங்கலாம்.