வுட் மூவ்மென்ட்: ஈரவிரிவா, ஊதலா?

கடலூர் முதுநகரிலிருந்து

நண்பர்களுக்கு வணக்கம்.

படப்பலகை (படம் தீட்டும் மரப்பலகை), படச்சட்டம், சின்ன முக்காலி என்று அவரவர் செய்ததைப் பகிரும்போது, குறிப்பில் ஓரிடம் மட்டும் ஆளுக்கொரு மாதிரி வருகிறது. காற்றில் ஈரம் ஏறினால் பலகை அகலத்தில் பெருக்கிறது, இறங்கினால் சிறுக்கிறது. ஆங்கிலத்தில் வுட் மூவ்மென்ட் என்பார்கள். நம்மிடம் ‘மர அசைவு’, ‘மர இயக்கம்’, ‘பலகை நகர்வு’ மூன்றும் புழங்குகின்றன. மூன்றும் எனக்கு ஒப்பவில்லை. அசைவு என்றால் கால் ஆடுகிற நாற்காலிதான் நினைவுக்கு வரும். மர இயக்கம் என்பது மரம் நடும் அமைப்பின் பெயராகத் தெரிகிறது. நகர்வு என்றால் பலகை இடம்மாறியதாகப் பொருள்படும்.

‘ஈரவிரிவு’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. ‘வெப்ப விரிவு’ பள்ளிப் பாடத்திலேயே எல்லோருக்கும் பழகிய சொல். சூட்டால் வருவது வெப்ப விரிவு, ஈரத்தால் வருவது ஈரவிரிவு. விளக்கவுரை இல்லாமலே புரியும்.

அளவைப் பார்த்தால் சொல் ஏன் தேவை என்பது தெரியும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதமாக நின்றால் மரம் தனக்குள் சுமார் 11 சதவீத ஈரம் வைத்துக்கொள்ளும். காற்றில் 80 என்றால் மரத்தில் 15, 16 வரை போகும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையோரத்தில் செய்து, பிறகு ஏ.சி. அறையில் மாட்டுகிற படம் இந்த வித்தியாசம் முழுவதையும் தாங்கியாக வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து

> ‘ஈரவிரிவு’ என்று வைத்துக்கொள்ளலாம்

சொல் சுத்தமாக இருக்கிறது. ஆனால் எந்தப் பட்டறையிலும் இது ஒலிக்காது. ‘மழைக்குக் கதவு ஊதிக்கிச்சு’, ‘பலகை இன்னும் வத்தல, இப்ப இழைக்காதே’ என்றுதான் ஆசாரிகள் சொல்வார்கள். ஊதல், வற்றல் இரண்டும் கையில் தயாராக இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு? அதோடு, விரிவு என்பதில் சுருக்கம் அடங்கவில்லை. நம் வேலையில் பாதிக் கேடு சுருங்கும்போதுதான் வருகிறது.

இன்னொன்று. மரம் எல்லாப் பக்கமும் ஒரேபோல் பெருப்பதில்லை. தேக்கைப் பச்சையிலிருந்து முழுக்க உலர்த்தினால், ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 5.8 சதவீதமும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 2.5 சதவீதமும் சுருங்குகிறது. நீளவாக்கில் 0.1, 0.2 சதவீதத்தோடு சரி, நம் வேலைக்கு அது கணக்கே இல்லை. ‘ஈரவிரிவு’ என்று பொதுவாகச் சொன்னால், புதிதாக வருகிறவர் நீளத்துக்கும் அகலத்துக்கும் ஒரே இடைவெளி விட்டுவிடுவார்.

கடலூர் முதுநகரிலிருந்து

சுருக்கம் பற்றிய தடை நிற்காது. வெப்ப விரிவு என்று படிக்கும்போதே ஆறினால் சுருங்கும் என்பதும் சேர்ந்துதான் வருகிறது. தண்டவாளத்தில் இடைவெளி விடுவதை விளக்க யாரும் ‘வெப்ப விரிசுருக்கம்’ என்று எழுதுவதில்லை.

திசை பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அதைச் சொல்லுக்குள் திணிக்காமல், கணக்கில் காட்டலாம். 300 மி.மீ. அகலத் தேக்குப் பலகை. முனையைப் பார்த்தால் வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்கு இணையாகப் படுத்திருக்கின்றன. 5.8ஐ 30ஆல் வகுத்தால், மரத்தின் ஈரம் ஒரு சதவீதம் மாறினால் அகலம் 0.19 சதவீதம் மாறும் என்று கிடைக்கிறது. நான்கு சதவீதம் மாறினால் 300 × 0.0019 × 4, அதாவது ஏறக்குறைய 2.3 மி.மீ. அதே பலகையில் கோடுகள் செங்குத்தாக நின்றால் 1 மி.மீ. போதும். 30 என்பது, மரத்தின் செல் சுவர்கள் ஈரத்தால் நிறைந்து நிற்கும் அளவு. அதற்கு மேல் ஈரம் ஏறினாலும் மரம் பெருக்காது.

எனவே குறிப்பில் ‘ஈரவிரிவு 2.3 மி.மீ., படுத்த கோடு’ என்று எழுதினால் போதும். ‘ஊதல் 2.3’ என்று எழுதினால், ஊதிய அளவா, மழைக்கும் வெயிலுக்கும் இடையிலுள்ள மொத்த வித்தியாசமா என்று கேட்க வேண்டிவரும்.

தேவனாம்பட்டினத்திலிருந்து

நான் வண்ணம் தீட்டுகிற பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எந்தச் சொல்லை எடுத்தாலும் கோணலை அதற்குள் சேர்க்காதீர்கள். பகிர்கிற படங்களில் ‘மர அசைவால் வளைந்துவிட்டது’ என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். இரண்டும் வேறு. இரு முகமும் சமமாக ஈரம் வாங்கினால் பலகை பெருக்கும், கோடு செங்குத்தாக நின்றால் தட்டையாகவே இருக்கும்; படுத்த கோடு என்றால் கொஞ்சம் குழியலாம். ஒரு முகம் மட்டும் வேகமாக வாங்கினால் எந்தப் பலகையும் வளையும்.

படப்பலகையில் இது கண்ணெதிரே நடக்கும். முன்பக்கம் மூன்று நான்கு கை (தடவை) ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு, அதன்மேல் வண்ணம், வார்னிஷ். பின்பக்கம் வெறும் மரம். மழைக்காலத்தில் பின்முகம் ஊதப் பார்க்கிறது, முன்முகம் விடுவதில்லை. பின்பக்க இழைகள் நெருக்குண்டு நசுங்குகின்றன. வற்றும்போது நசுங்கியவை பழைய அளவுக்குத் திரும்புவதில்லை, முன்னைவிடக் குறுகிவிடுகின்றன. சில பருவம் இப்படிப் போனதும் படத்தின் முகம் வெளியே புடைத்துக்கொள்கிறது. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டையும் நீர்மட்டத்தையும் நேராக வரைந்திருந்தால், பக்கவாட்டு வெளிச்சத்தில் நீர்ப்பரப்பு உருண்டு தெரியும்.

தடுப்பது எளிது. முன்னே எத்தனை கையோ பின்னேயும் அதே அளவு அடைப்பு வேண்டும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு இரண்டு கை பின்பக்கத்துக்கும் நான்கு விளிம்புக்கும் கொடுங்கள். முனை மரம் அதிகமாகக் குடிக்கும். அங்கே மூன்றாவது கையும் வேண்டும். மெழுகு நீக்காத அரக்கை முன்முகத்தில் பூசக்கூடாது, ஜெஸ்ஸோ பிடிக்காமல் உரியும். அக்ரிலிக் ஜெஸ்ஸோ ஈரத்தை முழுக்க நிறுத்தாது, மெதுவாக்கும்; அதை மட்டும் நம்பி விளிம்பை விட்டுவிட வேண்டாம்.

தஞ்சாவூர்ப் பலகைப் படத்தில் பலாப் பலகைமேல் துணி ஒட்டிப் பிறகு பூச்சு போடும் வழக்கம் இதற்கும் உதவுகிறது. அடியில் மரம் கொஞ்சம் பெருத்தாலும், மயிரிழை விரிசல் நேராகப் பூச்சுக்கு ஏறாமல் துணி இடையில் வாங்கிக்கொள்கிறது.

வளைவுக்கு ‘கோணல்’ என்ற சொல்லே போதும். அகலவாக்கில் குழிந்தால் குழிவு, மூலைகள் எதிரெதிராகத் தூக்கினால் முறுக்கு.

புதுச்சேரியிலிருந்து

கோணலைத் தனியே வைப்பது சரி. ஈரவிரிவையும் ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு: அது அளவின் பெயராக இருக்கட்டும், வினையாகச் சொல்லும்போது ஊதல், வற்றல் இரண்டையும் விடக்கூடாது. ‘பலகை ஈரவிரிவடைந்தது’ என்று யாரும் எழுத வேண்டாம். பலகை ஊதியது, அவ்வளவுதான்.

இதிலிருந்து இன்னொரு சொல்லும் நமக்குக் கிடைக்கிறது. சட்டத்தின் காடிக்குள் (பலகை உட்காரும் பள்ளத்துக்குள்) பலகைக்கு விடுகிற வெற்றிடத்தை ‘கேப்’ என்றே எழுதிவருகிறோம். அது ‘ஊதலிடம்’. மழைக்காலத்தில் பலகை வந்து நிரப்பப்போகும் இடம் என்பதால் பொருளும் பொருந்துகிறது.

எவ்வளவு விடுவது? நிலக்காட்சி பெரும்பாலும் கிடைவாக்கு. 400 × 300 மி.மீ. பலகையில் ரேகை (மர இழை ஓடும் திசை) 400 பக்கமாக, அடிவானக் கோட்டுக்கு இணையாக ஓடட்டும். அப்போது பெருப்பதெல்லாம் உயரத்தில். பலகை கீழ்க்காடியில் உட்கார்ந்திருப்பதால் ஊதலிடம் முழுவதையும் மேலே விடவேண்டும்: வெயில் காலத்தில் சட்டம் போட்டால் 3 மி.மீ., மழையில் பலகை ஊதி நிற்கும்போதே போட்டால் 1 போதும். பக்கவாட்டில் ஒவ்வொரு புறமும் 1 மி.மீ. காடியின் உதடு 6 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால், வற்றும்போது விளிம்பு வெளியே தெரியாது.

காடிக்குள் ஃபெவிகால் வைத்தால் இதெல்லாம் வீண். பின்னால் திருப்புக் கட்டையோ வளைந்த தகடோ வைத்து, பலகை நழுவும் அளவுக்கு விடவேண்டும். வளையாமலிருக்க முதுகில் குறுக்கே ரீப்பர் அடிக்கிறவர்கள் அதைப் பசையால் ஒட்டக்கூடாது. நடுவில் ஒரு வட்டத் துளை. இரு ஓரத்திலும் 4 மி.மீ. திருகாணிக்கு 8 மி.மீ. நீளத் துளை, பலகையின் அகலவாக்கில். பசை போட்டால் ரீப்பர் நீளவாக்கில் மாறாது, பலகை அகலத்தில் வற்றும். நடுவில் வெடிப்பதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது.

தேவனாம்பட்டினத்திலிருந்து

ஊதலிடம் நன்றாக இருக்கிறது. சட்டத்தின் 45 டிகிரி மூலைகளுக்கும் இதே சொற்கள் உதவும். சட்டக் கட்டை வற்றினால் மூலை உள்பக்கம் வாய் திறக்கும், ஊதினால் வெளிப்பக்கம் திறக்கும். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று குறிப்பில் எழுதினால், கட்டையை ஈரமாக இழைத்தார்களா, காய்ந்தபின் இழைத்தார்களா என்பதைப் படிக்கிறவர் கண்டுகொள்வார். 20 மி.மீ. கட்டையில் இது தெரியாது, 60 மி.மீ. அகலச் சட்டத்தில் நகம் நுழையும்.

கடலூர் முதுநகரிலிருந்து

அப்படியானால் படத்தோடு போடும் குறிப்பை இனி இப்படி எழுதலாம்:

தேக்கு, 400 × 300 × 12 மி.மீ., ரேகை கிடைவாக்கு, படுத்த கோடு. இழைத்தது கார்த்திகையில். ஈரவிரிவு 2.3 மி.மீ., ஊதலிடம் மேலே 1 மி.மீ. பின்பக்கம் அரக்கு இரண்டு கை. கோணல் இல்லை.

ப்ளைவுட்டில் தீட்டுகிறவர்கள் ஈரவிரிவை எழுத வேண்டாம். தகடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பதால் அகலம் கணிசமாக மாறுவதில்லை. இந்தியத் தரநிலைப்படி ஐ.எஸ். 303 எம்.ஆர். ரகமா (ஓரளவு ஈரம் தாங்குவது), ஐ.எஸ். 710 மரைன் ரகமா (தண்ணீரே தாங்குவது) என்பதை மட்டும் குறியுங்கள். கடற்கரை வீட்டில் எம்.ஆர். ரகத்தின் பசை நாளடைவில் விடுகிறது. எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திய பலகை) என்றால் விளிம்பு அடைத்தீர்களா என்று எழுதுங்கள். அது தடிமனில் ஊதும், ஊதியது வற்றாது.