காறல்: நாக்கா, தொண்டையா?

ஏட்டுச்சுரை:
அறுசுவைப் பட்டியலில் காறலைத் தேடினால் கிடைக்காது. அது நாக்கை விடத் தொண்டையின் சங்கதி. காறு என்ற வினையில் பிறந்த சொல். சளியைக் காறித் துப்புகிறோம், கருணைக்கிழங்கு தொண்டையில் காறுகிறது, பழைய எண்ணெய் காறிப்போகிறது. செரும வைப்பதெல்லாம் காறல் என்று கொண்டால் மூன்று பொருளும் ஒன்றாக நிற்கும் என்பது என் கணிப்பு. வல்லின றகரம் போடுங்கள். 'காரல்' என்றால் மிளகாயின் காரத்தோடு ஒட்டிக்கொள்ளும். மிளகாய் வறுக்கும்போது வரும் இருமலுக்குக் கமறல் என்று தனிச்சொல்லே இருக்கிறது.

அடுக்களை:
பிடிகருணையில் காறுவது கால்சியம் ஆக்சலேட். கண்ணுக்குத் தெரியாத ஊசிப் படிகங்கள், நீரில் கரையாதவை. அதனால்தான் தொண்டையில் குத்தியபின் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அடங்குவதில்லை. புதுக்கிழங்கு வேண்டாம், சில வாரம் காற்றாடக் கிடந்து வாடியது நல்லது. தோலோடு, அரிசி கழுவிய தண்ணீரில், மசியும்வரை வேகவையுங்கள். ஆறியதும் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உரிக்கலாம். அரைக்கிலோவுக்கு எலுமிச்சை அளவு புளி. பலர் கோட்டை விடுவது இங்கேதான்: புளியை முதலிலேயே ஊற்றினால் கிழங்கு விறைத்து நிற்கும், வேகாது, காறலும் போகாது. வெந்து மசித்த பிறகே புளி. சேனைக்கும் இதே வரிசை. அதில் காறல் கொஞ்சம் குறைவு. சாப்பிட்டபின் நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

யாழ்வாசி:
எங்கட பக்கம் கயர் எண்டொரு சொல் இருக்கு. அதைக் காறலோட குழப்பக் கூடாது. கயர் எண்டால் துவர்ப்பு. பிஞ்சு வாழைக்காய் கயர்க்கும், நாக்கைப் பிடிச்சு இழுக்கும். நறுக்கி மஞ்சள் கலந்த தண்ணியில போட்டால் குறையும். காறல் அப்பிடித் தண்ணிக்குப் போகாது.

செக்கடி:
எண்ணெய்க் காறல் வேறு கதை. சில ஊர்களில் சிக்கு வாடை என்பார்கள். காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் பட்டுக் கொழுப்பு கெட்டுப்போவதுதான் காரணம். கடலையைத் தோட்டோடு வைத்தால் நாள் தாங்கும். உடைத்தது சீக்கிரம் காறும், வறுத்தது அதைவிடச் சீக்கிரம். தேங்காய் முற்றிக் கெட்டால் பருப்பு மஞ்சளித்துச் சோப்பு வாடை அடிக்கும். கிழங்குக் காறலுக்குப் புளி உண்டு, இதற்கு மாற்று கிடையாது. வறுத்தாலும் தாளித்தாலும் வாடை குழம்பு முழுக்கப் பரவும். பூசணம் பிடித்த கடலையை மாட்டுக்கும் போடாதீர்கள், நஞ்சு.